ஒபதியா டிங்லி கண்ட வாத்து

டன்ஸ்வொர்த் ஊரில் சாவதற்கு யாரும் தடை சொல்வதில்லை. செத்த பிறகு படுப்பதற்குத்தான் ஆயிரம் கேள்வி கேட்பார்கள்.

மெர்ல் டிங்லியின் தாய் ஆர்லீனுக்கு எண்பத்துநாலு வயது. மார்ச் மாதம் பாஸ்டன் ஆஸ்பத்திரியில் அவள் நெஞ்சைப் படம்பிடித்துப் பார்த்த டாக்டர், இலை உதிரும் வரை ஓடினால் பெரிய விஷயம் என்றார். ஆர்லீன் கலங்கவில்லை. திரும்பும் வழியில் கடையில் நிறுத்தச் சொல்லி, போட்டுக்கொண்டு போக ஒரு நீல உடுப்பு வாங்கினாள். கைப்பக்கம் தையல் விட்டிருந்ததைக் காட்டி விலையில் கால்பங்கு குறைத்தும் வாங்கினாள். அவளுக்கு மிச்சமிருந்த ஆசை ஒன்றுதான். மேட்டுக் கல்லறையில் புருஷன் கிளேட்டன் பக்கத்தில் படுக்க வேண்டும். கிளேட்டன் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். பத்தொன்பது வருஷமாக அங்கே தனியாகக் கிடக்கிறார்.

"அந்த மனுஷன் குளிருக்கு முதுகு காட்டிப் படுக்கறவர்டா. நான் போனாத்தான் நிம்மதியா தூங்குவார்" என்பாள்.

இதில் என்ன சிக்கல் வரப்போகிறது என்றுதான் மெர்ல் நினைத்தான். அவன் ஊர் முழுக்கக் கழிவுநீர்த் தொட்டி இறைக்கும் லாரி வைத்திருப்பவன். அடியில் இருப்பதைப் பார்த்துப் பழகியவன். மேலே இருப்பவர்களிடம் பேசித்தான் பழக்கமில்லை.

சிக்கல் ஆறு வருஷத்துக்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. அந்த ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டுள்ள அத்தனை பேரும் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ரோட்டுக்குத் தூவும் உப்பு முதல் நாய் பிடிப்பவர் சம்பளம் வரை கை தூக்கி முடிவு செய்வார்கள். அந்த வருஷம் முப்பத்தொன்றாவது தீர்மானம், மேட்டுக் கல்லறையில் புல் வெட்டுவது யார் என்பது. மணி நாலு ஆகியிருந்தது. சனிக்கிழமை. எல்லார் வீட்டிலும் அடுப்பில் வெல்லப்பாகும் பன்றிக்கறியும் போட்ட மொச்சை வெந்துகொண்டிருந்தது. 'முதற்குடியேறிகளின் வழித்தோன்றல்கள் சங்கம்' தானே முன்வந்து, புல்லோடு கல்லறையையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம் என்றது. முந்நூறு பேர் ஒரே வீச்சில் கை தூக்கினார்கள். மெர்லும் தூக்கினான். மொச்சை தீய்ந்துவிடக் கூடாதே என்று ஓர் ஊர் தன் பாட்டன்மாரை விட்டுக்கொடுத்தது, உலகத்திலேயே அங்கேதான் நடந்திருக்கும்.

சங்கம் புல்லை வெட்டியதோ இல்லையோ, முதல் வேலையாக விதியை வெட்டிப் பலகையில் மாட்டியது. 1640ஆம் வருஷம் டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் கப்பலில் வந்திறங்கிய நன்மக்களின் வழியில் வந்தவர்களும், அவர்களைக் கட்டி வந்த பெண்களும் மட்டுமே இனி இந்த மேட்டில் படுக்கலாம். வழி நிரூபிக்கப்பட வேண்டும்.

மெர்ல் சங்கத்து மாளிகைக்குப் போனான். வம்சாவளிப் பதிவாளர் டாக்டர் ஆல்டன் விட்லாக் அவனை ஒரு நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, விளக்கைத் திருப்பி முகத்தில் அடித்தார். பழக்கதோஷம். நாற்பது வருஷம் பல் டாக்டராக இருந்தவர். அப்போது பிறர் வாயைத் திறந்து சொத்தை தேடினார், இப்போது பிறர் பாட்டனைத் திறந்து தேடுகிறார்.

"சொல்லுங்க மிஸ்டர் டிங்லி, என்ன வேணும்?"

"எங்கம்மாவுக்கு எங்கப்பா பக்கத்துல ஒரு குழி வேணும் டாக்டர்."

"அப்பா எங்க இருக்கார்?"

"மேட்டுலதான். பத்தொம்போது வருஷமா."

"அங்க கிடக்கார்னு சொல்லுங்க. கிடக்கறது வேற, தகுதியோட கிடக்கறது வேற." அவர் விசிறி போல விரியும் ஒரு பெரிய தாளை மேசைமேல் பரப்பினார். அடியில் மெர்லுக்கு ஒரு கட்டம், அதற்கு மேலே கிளேட்டன், அதற்கு மேலே மேலே மேலே என்று பதினொரு கட்டம். "உங்க குடும்பத்துல முதல்ல வந்தவர் ஒபதியா டிங்லின்னு ஒரு பேச்சு இருக்கு. பேச்சு எங்களுக்குப் பத்தாது. ஒவ்வொரு தலைமுறைக்கும் மூணு தாள். பொறந்ததுக்கு ஒண்ணு, கல்யாணத்துக்கு ஒண்ணு, செத்ததுக்கு ஒண்ணு. கீழேர்ந்து ஆரம்பிப்போம். நீங்க உங்கப்பாவுக்குப் பொறந்தவர்தான்ங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

மெர்ல் பிறப்புச் சான்றிதழை நீட்டினான். அதில் 'ஆண் குழந்தை, டிங்லி' என்று மட்டும் இருந்தது. பேர் வைப்பதில் ஆர்லீனுக்கும் மாமியாருக்கும் ஒன்பது நாள் சண்டை நடந்ததன் விளைவு அது.

"ஒரு ஆண் டிங்லி பொறந்திருக்கு. அது நீங்கதான்னு இதுல எங்க இருக்கு?"

மறுநாள் ஆர்லீனே நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஏம்பா ஆல்டன், எம்பத்தேழுல வலிச்ச பல்லை விட்டுட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கினவனாச்சே நீ. இப்ப எதைப் பிடுங்கப் போற? இவன் என் மகன். பத்தொம்போது மணி நேரம் வலி. எனக்குத் தெரியாதா? நான் அங்கதான இருந்தேன்!"

"மன்னிக்கணும் மிஸஸ் டிங்லி. நீங்க சம்பந்தப்பட்ட ஆள். உங்க சாட்சி செல்லாது. அதுவும் போக, நீங்க கடைசி அரைமணி நேரம் மயக்கத்துல இருந்ததா ஆஸ்பத்திரிக் குறிப்பு சொல்லுது."

"அப்போ அந்த அரைமணியில மாத்திட்டாங்கங்கறியா?"

"நான் அப்படிச் சொல்லலை. மாத்தலைன்னு தாள் சொல்லலை."

ஆர்லீன் மகன் பக்கம் திரும்பினாள். "வாடா போலாம். நீ யார் பெத்த புள்ளையோ, லாரியை நீதான் ஓட்டணும்."

ஊராட்சி அலுவலகத்தின் நிலவறையில் பழைய பேரேடுகளைக் காப்பவள் டோரீன் மெல்லோ. நாற்பது வயது, வாய் நீளம். அவளுடைய தாத்தா அசோர்ஸ் தீவிலிருந்து மீன்பிடிக்க வந்தவர். டன்ஸ்வொர்த்தில் அவர்கள் இன்னும் புதுசு. தொண்ணூறு வருஷம்தான் ஆகிறது.

"எங்க வம்சத்துக்கு ஒரே ஒரு தாள்தான் மெர்ல். கப்பல்ல மீன் நாத்தம் தாங்காம தாத்தா வாந்தி எடுத்ததுக்கு அபராதம் போட்ட ரசீது. அதைச் சட்டம் போட்டு மாட்டி வெச்சிருக்கோம்." சொன்னவள் அப்படியே நின்றாள். "அபராதம்! உங்கப்பா எப்பவாவது போலீஸ்ல மாட்டியிருக்காரா?"

"எங்கப்பாவா? மாட்டாத நாளைச் சொல்லு."

போக்குவரத்து நீதிமன்றப் பேரேட்டை எடுத்தார்கள். இருந்தது. கிளேட்டன் டிங்லி, ஆஸ்பத்திரி வாசலை மறித்துப் பள்ளிக்கூட பஸ்ஸை நிறுத்தினார். விசாரணையில், 'பன்னிரண்டு நாளுக்கு முன் என் மனைவி ஆர்லீனுக்கு மெர்ல் என்கிற மகன் பிறந்த பதற்றத்தில் செய்தேன்' என்று வாக்குமூலம் கொடுத்தார். நீதிபதி கையெழுத்து, முத்திரை, தேதி. சம்பந்தமில்லாத, மரியாதைக்குரிய சாட்சியாக ஒரு போலீஸ்காரர். டாக்டர் விட்லாக் அதை வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்தும் பார்த்துவிட்டு, மெர்ல் தன் தகப்பனுக்கு மகன் என்று ஒத்துக்கொண்டார்.

வழி தெரிந்துவிட்டது. மற்றவர்கள் தங்கள் பாட்டன்களைத் தேவாலயப் பதிவிலும் சொத்துப் பத்திரத்திலும் தேடுவார்கள். டிங்லிகளைத் தேடும் இடம் குற்றப் பேரேடு. ஏப்ரல் முழுக்க, லாரியைக் கழுவி நிறுத்திவிட்டு, மெர்ல் நிலவறைக்கு வந்தான். அவன் குடும்பம் முந்நூறு வருஷமாக அங்கே வரிசை கட்டி நின்றது. சாராயம் தடையிருந்த காலத்தில் ஆப்பிள் ரசத்தைப் புளிக்கவைத்து விற்றவர் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் குதிரைப் பந்தயம் விட்டவர் ஒருவர். பிரசங்கத்தின்போது தூங்கி, காவலன் நரிவால் கட்டிய கம்பால் மூன்று முறை மூக்கில் தடவியும் எழாமல் குறட்டை விட்டவர் ஒருவர். தன் தகுதிக்கு மீறி மனைவிக்குப் பட்டு முக்காடு வாங்கித் தந்தவர் ஒருவர். முக்காடு பறிமுதல், மனைவி பேர், தகப்பன் பேர், எல்லாம் சுத்தமாகப் பதிவாகியிருந்தது.

இரண்டாம் தலைமுறையில் மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்று பயந்தார்கள். அங்கேதான் அதிர்ஷ்டம் கொட்டியது. மணமாகி ஆறரை மாதத்தில் குழந்தை பெற்றதற்காக, அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் சபையின் முன் வெள்ளைத் துணி போர்த்தி நின்று பாவ அறிக்கை செய்திருந்தார்கள். கல்யாணத் தேதி, குழந்தை பிறந்த தேதி, இருபக்கத்துப் பெற்றோர் பெயர் எல்லாம் ஒரே பக்கத்தில். கீழே போதகர் கையெழுத்து. நாளைக் கூட்டிக் கழித்துப் பார்த்த கணக்குகூட ஓரத்தில் இருந்தது.

"ஒரே பாவத்துல மூணு தாள்!" என்று டோரீன் மேசையைத் தட்டினாள். "உங்க ஆளுங்க மட்டும் ஒழுக்கமா இருந்திருந்தா இந்நேரம் உங்கம்மா கதி என்ன ஆயிருக்கும், நினைச்சுப் பாரு. அங்க சங்கத்துல மாட்டியிருக்காங்களே படம் படமா, அந்தப் புண்ணியவான்களைப் பத்தி இங்க ஒரு வரி கிடையாது. அவங்களைப் பத்தி இருக்கறதெல்லாம் அவங்க பேரப்பசங்க எழுதினது."

கடைசிக் கட்டம் ஒபதியா. 1638இல் வந்து இறங்கியிருந்தான். கப்பல் பட்டியலில் பேர் இருந்தது, தேதியும் சரி. ஆனால் அவன் வாழ்ந்ததற்கான ஆதாரம் ஒரே ஒரு தாள். 1644ஆம் வருஷத்து ஊர் நீதிமன்றத் தீர்ப்பு. டோரீன் அதை உரக்கப் படித்தாள்:

'ஒபதியா டிங்லி என்பவன் பொது உபவாச நாளிலே சபையின் மூப்பர் ஸ்டாக்போலின் வீட்டுக் கொல்லைக் கதவண்டை நின்று, மூப்பர் வாத்து புசிக்கிறார் என்று ஊர் கேட்கச் சத்தமிட்டான். மூப்பரின் தாடியிலே நெய் வடிந்திருந்ததை மூவர் கண்டனர். அவன் சொன்னது மெய்யாயிருந்தபடியால் அவதூறு இரட்டிப்பாயிற்று. ஆகையால் அவன் இரண்டு மணி நேரம் கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு, அவனும் அவன் வித்தும் ஓடைக்கு இப்பால் என்றென்றைக்கும் வராதபடிக்குத் துரத்தப்படக்கடவர்கள்.'

ஓடைக்கு அந்தப் பக்கம் போன ஒபதியா, கரையிலிருந்து பத்தடி தள்ளிக் குடிசை போட்டான். நாற்பது வருஷம் கழித்து ஊருக்கு நிலப்பசி வந்து, எல்லையை ஓடைக்கு அப்பால் தள்ளி அவன் பிள்ளைகளையும் சேர்த்து விழுங்கிக்கொண்டது. டிங்லிகள் இன்றைக்கும் அந்தப் பக்கத்துக்காரர்கள்தான்.

டோரீன் தாளை மூடினாள். "இதைக் குடுத்தே ஆகணுமா மெர்ல்? சங்கத்துத் தலைவி யாருன்னு தெரியும்ல?"

"இது இல்லாட்டி பதினோராவது ஆள் இல்லையே. சொன்னது மெய்தான்னு தீர்ப்பே சொல்லுது. மெய் பேசினவனை வேண்டாம்னா சொல்லுவாங்க?"

டோரீன் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். "நீ தொட்டியோட நிறுத்திக்கிட்டது நல்லதுப்பா" என்றாள்.

சங்கத்தின் தலைவி ஹானோரா ஸ்டாக்போல். பதவியின் பேர் 'தலைமை ஆளுநர்'. ஆள்வதற்கு அந்த மேட்டையும் ஒரு வெள்ளித் தேநீர்க் குடத்தையும் தவிர எதுவும் கிடையாது. இடது தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு பட்டை. நிரூபித்த ஒவ்வொரு முன்னோருக்கும் அதில் ஒரு பொற்பதக்கம். நாற்பத்தாறு முன்னோர்கள் ஒரே பக்கம் தொங்கியதால் அம்மாள் சற்று இடப்பக்கம் சாய்ந்தே நடந்தாள்.

மெர்லின் விண்ணப்பம் உபவாச நாளன்று விசாரணைக்கு வந்தது. முன்னோர்கள் பாவத்துக்கு வருந்திப் பட்டினி கிடந்த நாளைச் சங்கம் ஆண்டுதோறும் விடாமல் கடைப்பிடிக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்குச் சிங்கி இறால், ஒரு மணிக்கு வறுத்த வாத்து, இரண்டு மணிக்கு ஆரஞ்சு மதுவில் ஊறிய கேக். அழைப்பிதழின் தலைப்பு 'தாழ்மையின் நாள்'. கீழே, கறுப்புக் கோட்டு கட்டாயம் என்று இருந்தது. விண்ணப்பதாரர் உட்காரக் கூடாது என்பது மரபாகையால் மெர்ல் சுவரோரம் நின்றான். மணத்தில் அவன் வயிறு கூப்பாடு போட்டது. அந்த அறையில் அன்று உபவாசம் இருந்தவன் அவன் ஒருவன்தான்.

தலைமை ஆளுநர் எழுந்தாள்.

"சகோதர வழித்தோன்றல்களே! நம்ம முன்னோர்கள் எதுக்குக் கடல் தாண்டி வந்தாங்க? மனசாட்சிப்படி கடவுளைக் கும்பிட. யாரோட மனசாட்சிப்படின்னு வந்த முதல் வாரமே முடிவு பண்ணிட்டாங்க. வேற மனசாட்சி வெச்சிருந்தவங்களை ஓடைக்கு அந்தாண்ட அனுப்பிட்டாங்க. சுதந்திரத்தை இவ்வளவு பத்திரமா, அடுத்தவன் கை படாம வெச்சிருந்தவங்க உலகத்துல வேற உண்டா?"

கைதட்டல். கத்தி, முள்கரண்டியைக் கீழே வைக்காமலேயே தட்டினார்கள்.

"இந்த நாட்டுல எல்லாரும் சமம். அதனாலதான் யாரு முதல்ல வந்தாங்கன்னு தெரிஞ்சு வெச்சுக்கறது ரொம்ப முக்கியம். இல்லாட்டி எல்லாரும் நிஜமாவே சமமாயிடுவாங்க."

மெர்லுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கையைத் தூக்கினான். "மேடம், இந்தக் கப்பல் வர்றதுக்கு முன்னாடியே இங்க ஆளுங்க இருந்தாங்களே? அந்தப் பூர்வகுடிகள்?"

"அவங்க வரலை மிஸ்டர் டிங்லி. அவங்க இங்கயே இருந்தாங்க. முதல்ல வந்தவங்கன்னா, வந்திருக்கணும்" என்றாள் அவள் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல.

டாக்டர் விட்லாக் அத்தனை தாளையும் ஒவ்வொன்றாக வைத்தார். தன் பதவிக்காலத்தில் இவ்வளவு முழுமையான வம்சத்தைப் பார்த்ததில்லை என்றார். கடைசித் தாளைத் தலைமை ஆளுநரே வாசிப்பது மரபு. வாயில் இருந்ததை ஒதுக்கிக்கொண்டு அவள் வாசித்தாள். 'கொல்லைக் கதவண்டை' வரை கணீரென்று வந்த குரல், வாத்து வந்த இடத்தில் நின்றது. அறையே அவள் தட்டைப் பார்த்தது. தட்டில் ஒரு கால் பாதி கடித்தபடி கிடந்தது.

"அது வாத்து இல்ல. மருந்து" என்றாள்.

தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தாள்.

"அப்படியே வாத்துன்னு வெச்சுக்கிட்டாலும், மூப்பர் அதைப் பசிக்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார். பசியோட சாப்பிட்டாத்தான் உபவாசம் முறியும். வயிறு நிறைஞ்சவங்க சாப்பிடறது வெறும் பழக்கம்." துணியால் உதட்டுக் கொழுப்பை ஒற்றிக்கொண்டாள். "இங்க கேள்வி வாத்து இல்ல. ஒரு சாதாரண ஆள் ஒரு மூப்பரோட கொல்லைப்பக்கம் எதுக்குப் போனான்? பதிவாளரே, இந்தத் தண்டனை எப்பவாவது ரத்தாச்சா?"

விட்லாக் குனிந்து புரட்டினார். "ரத்தானதுக்குத் தாள் எதுவும் இல்லை, ஆளுநர் அவர்களே."

"தாள் இல்லாட்டி?"

"நடக்கலைன்னு அர்த்தம்."

"அப்போ 'அவனும் அவன் வித்தும்'னு இருக்கறது இன்னும் அமல்ல இருக்கு. ஓடைக்கு இந்தப் பக்கம் டிங்லி கால் வெச்சா அத்துமீறல். முதுகு வெச்சாலும் அத்துமீறல்தான். கிளேட்டன் டிங்லி பத்தொம்போது வருஷமா, ஒரு நாள்கூட விடாம, அத்துமீறிக்கிட்டு இருக்கார்."

"அவர் சும்மா படுத்துட்டுத்தான மேடம் இருக்கார்" என்றான் மெர்ல்.

"எல்லா அத்துமீறலும் அப்படித்தான் ஆரம்பிக்குது."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஆர்லீனுக்கு இடம் இல்லை. கிளேட்டனை மேட்டிலிருந்து தோண்டியெடுத்து ஓடைக்கு அப்பால் அனுப்ப வேண்டும். அரசுச் சட்டப்படி விதவையின் சம்மதக் கையெழுத்து மட்டும் தேவை, செலவு சங்கத்துடையது. போதகர் ஜெபம் செய்தார். கேக் வந்தது. நுழைவதே அத்துமீறல் என்று தீர்மானமாகிவிட்டதால், மெர்லை எந்த வாசல் வழியாக வெளியேற்றுவது என்று கால்மணி நேரம் தனியாக விவாதித்து, கொல்லைக் கதவு வழியாக அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து தாயின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல், ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான். இடம் கேட்டுப் போனவன், இருந்த இடத்தையும் தொலைத்துவிட்டு வந்திருந்தான். சொல்லி முடித்தபோது அவன் கண் கலங்கியிருந்தது.

"அவரைத் தூக்கி எங்க வைப்பாங்களாம்?" என்றாள் ஆர்லீன்.

"இந்தப் பக்கம். ஊர் பொதுக் கல்லறை, பேஸ்பால் மைதானத்துக்குப் பக்கத்துல."

"அங்க பக்கத்துல இடம் இருக்கா?"

"அங்க இடத்துக்கு என்னம்மா பஞ்சம்? பாதி காலி..." மெர்ல் நிறுத்தினான்.

கிழவியின் முகம் மாறிக்கொண்டு வந்தது. தகப்பன் மீன் ஏலத்தில் தரகராக இருந்தவள் அவள். சரக்கை எவன் ஆசைப்படுகிறான், எவன் ஆசைப்படாததுபோல நடிக்கிறான் என்று மூக்கைப் பார்த்தே சொல்வாள். "நீ சரின்னு ஏதாவது சொல்லித் தொலைச்சியா?"

"ஒண்ணும் சொல்லலை. சும்மா நின்னுட்டிருந்தேன்."

"நல்ல புள்ளை. இனிமேலும் நில்லு."

முதல் கடிதத்துக்கு ஆர்லீன் பதில் போடவில்லை. இரண்டாவதுக்கு, கண்ணீர் பட்டதுபோல நாலு இடத்தில் தண்ணீர் தெளித்து, 'என் கிளேட்டனைத் தொடவிட மாட்டேன்' என்று ஒரு வரி எழுதினாள். ஜூன் முதல் வாரம் தலைமை ஆளுநரே டாக்டர் விட்லாக்கைக் கூட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டி வந்தாள். ஆர்லீன் கைக்குட்டையும் கையுமாகக் கட்டிலில் கிடந்தாள். காலையில்தான் பக்கத்து வீட்டுக்காரியைச் சீட்டாட்டத்தில் தோற்கடித்திருந்தாள்.

"மிஸஸ் டிங்லி, கௌரவமா ஒத்துழைச்சீங்கன்னா எல்லாருக்கும் நல்லது."

"அவர் அந்த மேடே கதின்னு இருக்காரும்மா. அங்கேர்ந்து கிளப்பினா என்னாவார்? தனியா வேற."

"தனியா எதுக்கு? உங்களுக்கும் சேர்த்து ரெட்டை இடமா வாங்கித் தரோம்."

ஆர்லீன் விசும்பினாள். "கல்லு? அவர் பேர் வெட்டின கல்லு?"

"கல்லும் வரும்."

"மழையில நனையற இடமா?"

"மரத்தடியில. மேப்பிள் மரம்."

"மைதானம் பார்த்தாப்பல வேணும். அவருக்கு ஆட்டம்னா உயிர்."

"சரி."

ஆர்லீன் கைக்குட்டையை இறக்கினாள். "இன்னொண்ணு இருக்கு. அவர் ஒபதியாவோட வித்துன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?"

"பதினோரு தலைமுறைக்கும் ஆதாரம் இருக்கே. அதுல சந்தேகமே இல்லை."

"போன மாசம் வரைக்கும் என் வயித்துல பொறந்தவனையே என் புள்ளை இல்லைன்னீங்க. நாளைக்கு மனசு மாறி, இது தப்பான டிங்லி, திரும்பக் கொண்டு வான்னு அவரை ரெண்டாந்தரம் தோண்டினா? எழுத்துல வேணும்."

"நான்தான் சொல்றேனே."

"நீங்க சம்பந்தப்பட்ட ஆளாச்சேம்மா" என்றாள் ஆர்லீன் மிகுந்த துக்கத்தோடு.

டாக்டர் விட்லாக் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். ஒரே வாரத்தில் வந்தது சான்றிதழ். கிளேட்டன் டிங்லி, 1638இல் வந்த ஒபதியா டிங்லியின் ஐயத்துக்கிடமற்ற நேர்வழித்தோன்றல், ஆகவே வெளியேற்றத் தகுந்தவர் என்று பதினொரு சிவப்பு முத்திரைகளுடன். ஆர்லீன் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு முத்திரையையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். அடுத்த திங்கட்கிழமை கிளேட்டனை இடம் மாற்றினார்கள். கழுவித் துடைத்த லாரியில் உட்கார்ந்து, ஐஸ் காப்பி குடித்தபடி அவள் எல்லாவற்றையும் மேற்பார்வையிட்டாள். கல் ஒரு விரற்கடை சாய்ந்திருக்கிறது என்று இரண்டு முறை எடுத்து நடவைத்தாள்.

அந்தச் சான்றிதழின் நகல் ஒன்று வழக்கப்படி பாஸ்டனிலுள்ள தாய்ச்சங்கத்துக்குப் போயிற்று. அங்கிருந்தவர்கள் பதினொரு தலைமுறைக்கும் ஓட்டையில்லாத ஒரு வம்சத்தை அதுவரை கண்டதில்லை. பிரமித்துப்போய், இனி எல்லா உறுப்பினரும் தங்கள் கோப்புகளை டிங்லி தரத்துக்குப் புதுப்பிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். டன்ஸ்வொர்த் சங்கத்தில் அந்தக் கோடை முழுக்க ஆளாளுக்குத் தன் பாட்டன் எதையாவது திருடியிருக்க மாட்டாரா என்று நிலவறையில் தேடிக்கொண்டிருந்தார்கள். டோரீன் வரிசைக்குச் சீட்டுக் கொடுத்தாள். தலைமை ஆளுநருக்கு மட்டும் கவலையில்லை. மூப்பர் ஸ்டாக்போல் வாழ்ந்ததற்கு அசைக்க முடியாத சாட்சி கிடைத்துவிட்டது. தாடியில் நெய் வடிந்ததை மூவர் கண்டிருக்கிறார்களே. டிங்லி தீர்ப்பின் நகலை அவளே கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த வருஷம் இலை சீக்கிரமே சிவந்தது. அக்டோபர் ஒன்பதாம் தேதி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சற்றுக் கண்ணயர்ந்த ஆர்லீன் எழுந்திருக்கவில்லை. நீல உடுப்பு கச்சிதமாகப் பொருந்தியது. மைதானத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே அவளைக் கிளேட்டன் பக்கத்தில் இறக்கினார்கள். மெர்ல் முதல் மண்ணைப் போட்டுவிட்டு, மண்வெட்டியை ஊன்றி வெகுநேரம் நின்றான். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது, கடைக்காரன் தராசின் இரண்டு தட்டையும் சரியாக நிறுத்தியதுபோல இருந்தது.

எல்லாரும் கலைந்த பிறகுதான் ஓடைப் பாலத்தில் ஒருவர் நிற்பதைக் கண்டான். பட்டையும் பதக்கமுமாக டாக்டர் விட்லாக். பிணம் ஊர்வலமாகப் போகையில் பழைய எல்லையைத் தொட்டுவிடாமல் கண்காணிக்கச் சங்கம் அனுப்பியிருந்தது. மெர்லும் டோரீனும் கிட்டே போனபோது அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பாலத்தின் நடுக்கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார்.

"என் கோப்பையும் புதுப்பிச்சேன்" என்றார். "ஏழாவது தலைமுறையில ஒருத்தர். அறுபது வருஷம் வாழ்ந்திருக்கார். ஒரு சண்டை இல்ல, கடன் இல்ல, ஒரு நாள் குடிச்சது இல்ல. ஒரு தாள்கூட இல்லை மெர்ல். விதின்னா விதி. பட்டியல்லேர்ந்து என் பேரை நானே அடிச்சேன். எனக்கு நானே கடுதாசி எழுதித் தபால்ல போட்டேன். மேல்முறையீடும் பண்ணிப் பார்த்தேன்."

"என்ன ஆச்சு?"

"நிராகரிச்சுட்டேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் மனைவி போன வருஷம் போயிட்டா. அவ அந்த மேட்டுல இருக்கா. அவ பக்கம் நிரூபணமான பக்கம். கட்டி வந்த பெண்ணுக்குத்தான் விதியில இடம், புருஷனுக்கு இல்ல. எனக்குத்தான் இப்ப... அவளை இந்தப் பக்கம் கொண்டு வந்துட்டா ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கலாம்னு..." மரத்தடிப் புதுமண்ணைப் பார்த்தார். "இங்க இடம் கிடைக்கணும்னா என்னென்ன காட்டணும்?"

ஊராட்சி ஊழியை என்ற முறையில் டோரீன்தான் பதில் சொன்னாள்.

"இங்க ஒண்ணே ஒண்ணுதான் டாக்டர் பார்ப்போம். செத்துட்டாங்களான்னு."

டாக்டர் விட்லாக் சட்டைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"சரி. அதுக்கு எத்தனை தாள்?"